குங்குமம் வைத்த இரண்டு போல்ட்டுகள்

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த எங்கள் ஆட்களில் பலர், படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் டாக்ஸி ஓட்டினார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை; நான் படிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்தியவன். பெற்றோல் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கெட்டிக்காரர்களில் நானும் ஒருவன். என்னுடையது ஓடியதைவிட இருமியதுதான் அதிகம் என்பதை இங்கே யாரும் விசாரிக்கவில்லை.

நகரின் தெற்கே, விரி என்ற இடத்தில், பழைய இஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் எனக்கும் என் நண்பனுக்கும் வேலை. ஒடாஹுஹுவில் ஒரே அறையில் குடியிருந்தோம். ஒருவர் சட்டையை மற்றவர் போடலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். அவன் சட்டை என் வயிற்றுக்கு மேல் பூட்டுப்படாது. ஆகவே ஒப்பந்தத்தின் லாபம் முழுக்க அவனுக்கே.

முதலாளி வெள்ளைக்காரர். சனிக்கிழமைகளில் ஸ்டாக் கார் ஓட்டுவார். அதாவது, உடம்பெல்லாம் இரும்புக் குழாய் போட்டு இறுக்கிய கார்கள் மண் பாதையில் வட்டமாகச் சுற்றி ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். பார்க்க வந்தவர்கள் காசு கொடுத்து முகத்தில் சேறு வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லாருக்கும் ஒரே பலம் இருக்கவேண்டும் என்பதற்காகக் காபரேட்டருக்கு அடியில் சின்னத் துளை போட்ட தகடு ஒன்று பூட்டவேண்டும் என்று சட்டம். அந்தத் துளையால் போகிற காற்றை மட்டும்தான் இஞ்சின் மூச்சாக இழுக்கலாம்.

"இந்தப் பந்தயப் பருவத்தில் நான் முதலாவதாக வந்தால், பின்னறையைப் பந்தய இஞ்சின்களுக்கு ஒதுக்குகிறேன். பொறுப்பு உனக்கு" என்றார் முதலாளி.

அன்று அறைக்குப் போய் இதைச் சொன்னபோது நண்பன் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் ஆரடாப்பா? உனக்கு ஸ்பானர் எடுத்துத் தாறவனோ?"

"பின்ன? நான் தேடி எப்ப ஒரு ஸ்பானரைக் கண்டுபிடிச்சனான்?"

இருவரும் சிரித்தோம். எனக்கு முன்னமே அவன் நிறுத்திவிட்டான். அது அப்போது எனக்குத் தெரியவில்லை, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

காபரேட்டரையும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்க நான்கு தடித்த போல்ட்டுகள் உண்டு. அதில் இரண்டை நடுவால் துளைத்துக் குழாயாக்கினேன். வோஷரின் அடியில் ஒரு கீறல். காற்று அதற்குள்ளால் நுழைந்து, தகட்டைச் சுற்றிக்கொண்டு போய், கீழே இஞ்சினுக்குள் இறங்கும். ஆனால் பந்தயத்துக்கு முன் கார்களைப் பார்க்கும் பரிசோதகர் ஒரு காரியம் செய்வார். இஞ்சின் மெதுவாக ஓடும்போது காபரேட்டரின் வாயைக் கையால் பொத்துவார். உடனே இஞ்சின் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் எங்கோ கள்ளக் காற்று. அதற்கும் வழி வைத்தேன். போல்ட்டுக்குள் சைக்கிள் போல்ஸ் என்கிற சின்ன இரும்புக் குண்டு ஒன்று, அதன் பின்னால் பேனாவுக்குள் இருந்து எடுத்த ஸ்பிரிங். மெதுவாக ஓடும்போது இஞ்சின் பலமாக உறிஞ்சும். போல்ஸ் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். முழு வேகத்தில் உறிஞ்சல் குறைய, ஸ்பிரிங் அதைத் தள்ளித் திறக்கும். எல்லாம் தண்ணீர்ப் பம்பு வால்வின் புத்திதான்.

"இது களவெல்லோ மச்சான்?" என்று கேட்டான் நண்பன்.

"சட்டத்தில தகட்டைப் பற்றித்தான் கிடக்கு. போல்ட்டைப் பற்றி ஒரு சொல் இருக்கோ? அப்ப எங்க களவு?"

அவன் அதை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

நவராத்திரி வந்தது. இங்கே பந்தயப் பருவம் தொடங்குவதும் அதே நாட்களில்தான். பட்டறையில் ஆயுத பூசை வைத்தோம். சுத்தியல், ஸ்பானர், கடைசல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். முதலாளி தன் நெற்றியிலும் வைக்கச் சொல்லி, அதோடேயே டெயரி என்கிற மூலைக்கடைக்குப் போய், சாப்பிட இறைச்சி அடைத்த 'பை' வாங்கி வந்தார். திரும்பிப் பார்த்தால், நண்பன் இஞ்சினில் அந்த இரண்டு போல்ட்டுக்கு மட்டும் பொட்டு வைத்திருக்கிறான்.

"டேய், வைச்சா நாலுக்கும் வை. இல்லாட்டி ஒண்டுக்கும் வைக்காத."

"முக்கியமான சாமானுக்குத்தானே மச்சான் பொட்டு."

பெற்றோல் துணியால் துடைத்துவிட்டேன். அவனுடைய பக்தியை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பருவம் முழுக்க வென்றோம். நீலக் கார் ஒன்று எப்போதும் எங்களுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது. பரிசோதகர் ஒவ்வொரு முறையும் வாயைப் பொத்துவார். இஞ்சின் நல்ல பிள்ளையாக அடங்கும். கடைசிப் பந்தயத்தன்று அந்த அதிர்ஷ்டம் கெடக்கூடாதென்று நானும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு போனேன்.

பரிசோதகர் கையை நீட்டினார். பாதியில் நின்றார். இரண்டு போல்ட்டின் தலையில் ஈரம் காயாத சந்தனம், அதன் நடுவே குங்குமம். போல்ட்டைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். மறுபடி போல்ட்டைப் பார்த்தார்.

"இந்த இரண்டுக்கும் மட்டும் என்ன விசேஷம்?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழற்று" என்றார். போல்ஸ் உருண்டு சேற்றில் விழுந்தது. பேனா ஸ்பிரிங்கை அவர் விரல் நுனியில் வைத்து அழுத்திப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். அந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

"எனக்கு எதுவும் தெரியாது" என்றார் முதலாளி. "இவர்களுடைய மத விஷயம் என்று நினைத்தேன்." ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அந்தப் போல்ட்டுகளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போன மனிதர்.

பருவத்தின் வெற்றிகள் அத்தனையும் அழிந்தன. பின்னறை டயர் அடுக்கும் இடமாயிற்று. என்னை எண்ணெய்ப் பிசுக்குக் கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள்.

அன்று பந்தயத்திடலிலிருந்து திரும்பும்போது நண்பன்தான் கார் ஓட்டினான். ஸ்டியரிங்கில் இருந்த அவன் மோதிர விரல் சிவந்திருந்தது.

"நீ வைச்சனியோ?"

விரலைக் காற்சட்டையில் துடைத்தான். "ஓம்."

"ஏன்ரா?"

"நீலக் கார்க்காரர் தங்கட இஞ்சின் பொறுப்பை எனக்குத் தாறாங்களாம். உங்கட கார் நிக்கோணும் எண்டவங்கள்."

'எங்கட கார்' அதற்குள் 'உங்கட கார்' ஆகியிருந்தது.

"அதுக்குக் கூட இருந்தே காட்டிக்குடுத்தனீ."

"நான் எங்க காட்டிக்குடுத்தனான்? ஆரிட்டையும் ஒரு சொல் கதைக்கேல்லை மச்சான். பொட்டுத்தான் வைச்சனான்."

காட்டிக்கொடுக்கக்கூடாது என்பது நண்பர்களுக்குள் சட்டம். பொட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என் போல்ட்டைவிட நுணுக்கமான வேலை. அதையும் என்னிடமே படித்திருக்கிறான்.

அந்தக் கிழமையே அறையைக் காலிசெய்தான். ஒப்பந்தத்தை மறக்காமல் என் நல்ல சட்டையையும் கொண்டுபோனான்.

அடுத்த ஆயுத பூசையன்று முதலாளி தொட்டியடிக்கு வந்து, "இந்த முறை பொட்டு இல்லையா?" என்று கேட்டார். சந்தனம் குழைத்துக்கொண்டு எழுந்தேன். கண்ணில் பட்ட எல்லா நட்டுக்கும், எல்லா போல்ட்டுக்கும், விளக்குமாற்றுக்கும், குப்பைத் தொட்டி மூடிக்கும், ஓடாத கடிகாரத்துக்கும் வைத்தேன். எது முக்கியமான சாமான் என்று இனி ஒருவனுக்கும் தெரியக்கூடாது. வைத்து முடிக்கக் குங்குமமும் முடிந்துவிட்டது. என் நெற்றிக்குத்தான் இல்லாமல் போயிற்று.