ஏமஸ் சொன்ன சொல்

எடித் பென்ஃபோல்டு தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். யார்க்‌ஷயர் மலைப்பக்கத்து ஆலை ஊருக்கு, வீடு வீடாகப் போகும் நர்ஸாக அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஜனவரியில்தான் ஏமஸ் சட்க்ளிஃப் அவள் கவனிப்புக்கு வந்தார். நெஞ்சுச்சளி முற்றிப் படுத்த படுக்கை. மகள் மார்த்தா விடிவதற்குள் தறி ஓட்டப் போய்விடுவாள், திரும்பும்போது அவர் கண்ணயர்ந்திருப்பார்.

நுரையீரலுக்குக் காற்றோட்டம்தான் மருந்து என்று எடித் படித்திருந்தாள். தினமும் வந்ததும், பகல் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தாள். வைத்தியம் போலிருக்கிறது என்று கிழவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“ஸ்டார்வ் ஆகுது தாயி,” என்று மட்டும் சொன்னார்.

பசியில் சாகிறேன் என்கிறார் என்று எடித் நினைத்தாள். அவள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. எலும்பு சூப் வைத்துக் கொடுத்தாள். மறுநாளும் அதே சொல், அதே சூப். மூன்றாம் நாள் குடித்து முடித்ததும், மறுபடி நீட்டிய கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

“வயிறு நெறஞ்சு கெடக்கு. ஸ்டார்வ் ஆகுதுன்னா கேக்க மாட்டேங்கிறியே!”

“இப்பத்தானே தாத்தா குடிச்சீங்க?” என்று சிரித்தாள். காய்ச்சலில் உளறுகிறார் என்று எண்ணிக்கொண்டாள்.

அன்று மாலை மார்த்தா ஆலையிலிருந்து வந்தபோது ஏமஸ் இறந்து கிடந்தார். செய்தி கேட்டு எடித் ஓடிவந்தாள்.

“கடைசியா என்ன சொன்னாரு?”

“பசிக்குதுன்னுதான். வயிறு நெறையக் குடுத்தேன் மார்த்தா.”

“பசின்னா சொன்னாரு? அவரு வாயில வந்ததச் சொல்லுங்க.”

சொன்னாள். மார்த்தா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

“எங்க பக்கம் அதுக்குக் குளிர்ல வெறைக்குதுன்னு அர்த்தம், நர்ஸம்மா. அலமாரி நெறையக் கம்பளி இருக்கு.”

எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். எடித்தின் மனம் ஆறவில்லை. அடக்கம் முடிந்ததும் போதகரிடம் கேட்டாள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சாவது என்று மட்டுமே பொருள், எதனால் என்று அது சொல்லாது என்றார் அவர். பிற்பாடு தெற்கே அது பசியோடு ஒட்டிக்கொண்டது, வடக்கே குளிரோடும்.

“அப்ப, சாகுறேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரா?”

“அதெல்லாம் அவருக்கெங்கம்மா தெரியும்? குளிருதுன்னாரு, அவ்வளவுதான்.”

எடித் ஊர் திரும்பவில்லை. அந்த ஊர்ப் பேச்சைக் காதால் வாங்கி வாங்கித் தானும் பேசக் கற்றாள். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் அவள் கைதான் முதலில் ஏந்தியது. மார்த்தாவின் இரண்டு பிள்ளைகளை மட்டும் வேறொருத்தி வந்து எடுத்தாள். வழியில் பார்த்தால் மார்த்தா தலையசைப்பாள். நின்று பேசியதில்லை.