சுடாத கால்

புருசன 'அவன்'னு சொல்றேனேன்னு மொறைக்காதீக. மரியாதை குடுக்க வாய் வரல.

எம்புருசன் மொக்கச்சாமி ஏலத்தோட்டத்துல கங்காணி. கையால அடிச்சத விடக் காலால மிதிச்சதுதான் சாஸ்தி. களை சரியா எடுக்கலையா, ஆளுகளுக்கு மிதி. சோத்துல உப்பு கூடிருச்சா, எனக்கு மிதி. எழுபத்தெட்டாம் வருசம் எங்காத்தாளப் பாக்க சிலமலைக்குப் போயிட்டு, பஸ்ச விட்டுட்டு அடுத்த பஸ்சுல வந்தேன். அதுக்கு விலாவுல விட்டான் பாருங்க, இன்னைக்கும் இழுத்து மூச்சு விட்டா அந்த எடம் சுருக்குங்குது.

அதுக்குப் பெறகு ஆளு இளைச்சுக்கிட்டே வந்தான். குடங்குடமாத் தண்ணி குடிப்பான். ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கும். ஆனா கால்ல வலி தெரியலைன்னு ஒரு பெருமை! தோட்டத்துல அட்டை கடிச்சா நாங்க உப்பு வச்சுத் தேய்ப்போம். இவன் பீடி நெருப்ப வச்சு அழுத்துவான். அட்டை சுருண்டு விழுந்த பெறகும் பீடிய எடுக்க மாட்டான். "பாத்தீகளாடா, மொக்கச்சாமிக்குச் சுடாது"ம்பான். கருப்பசாமி அவங்கூட நிக்கிறதா ஆளுக நம்புனாக. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சுட்ட எடம் ஆறல, சீழ் வச்சிருச்சு. அந்தக் காலாலயே ஒரு நாள் கன்னையங்கிற கூலியாள மிதிச்சுப்புட்டு வீட்டுக்கு வாரான். வேட்டியெல்லாம் ரத்தம். கன்னையன் ரத்தமில்ல, இவன் கால்ல இருந்து வடிஞ்சது. அதுகூடத் தெரியாம சிரிச்சுக்கிட்டு நிக்கான். விறகுக்கட்டையத் தூக்கிட்டேன். "வெரசா ஜீப்புல ஏறுய்யா. இல்ல, மண்டையப் பொளந்துருவேன்."

ஏறிட்டான்.

போடி ஆஸ்பத்திரி டாக்டரு நீல மருந்துல மூத்திரத்த விட்டுக் காய்ச்சிப் பாத்தாரு. செங்கல் நெறமா வந்துச்சு. "சக்கரை வியாதி. கால் நரம்பு செத்துப்போச்சு, அதான் வலிக்கல"ன்னாரு. ரெண்டு விரல எடுத்தாக. இன்னொரு புண்ணு வந்தா முழங்காலோட போயிரும், தெனமும் பாதத்தப் பாக்கணும், யாரு பாப்பான்னு கேட்டாரு. அவன் என்னையப் பாத்தான்.

இப்ப மாத்திரை, கேப்பைக்களி, அளவாச் சோறு. செருப்பில்லாம வாசலத் தாண்ட விட மாட்டேன். சாயங்காலமானா அந்தக் கால எம்மடியில வச்சு, விரலிடுக்கெல்லாம் தொடச்சுப் பாக்கணும். என் விலாவுல எறங்குன அதே கால்!

நேத்து செருப்பத் தொளைச்சுக்கிட்டு குதிகால்ல கருவேல முள்ளு. பாக்காத மாதிரி விட்டாப் போதும், கால் போயிரும். பல்லக் கடிச்சுக்கிட்டு ஊக்கு முனைய விட்டுத் தோண்டிப் பிடுங்குனேன். ரத்தம் வந்துச்சு.

"என்ன புள்ள செஞ்ச? எனக்கு ஒண்ணுமே தெரியலையே"ன்னான்.

"நீ மிதிச்சப்ப எனக்குத் தெரிஞ்சுச்சுய்யா"ன்னேன்.

கால வெடுக்குன்னு இழுக்கப் பாத்தான். நான் விடல. மருந்து போட்டுக் கட்டிட்டுத்தான் விட்டேன்.