முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த கைத்துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவந்த அன்றே மாமா, என் அக்காவின் கணவர், அதைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். வடக்கனந்தலில், வீட்டுக்குப் பின்னால், கரும்பைப் பார்த்து நின்று குண்டில்லாத துப்பாக்கியை நீட்டிப் பிடித்திருந்தார். ராணுவத்தில் குறிபார்த்த கை. இன்னும் ஆடவில்லை.

“போர்சைட் மங்கிப் போச்சு மச்சான். முனையே தெரியல. தூக்கிக் கீழ போட்டானுங்களோ இன்னாவோ.”

குழலின் நுனியில் குறிபார்க்க நின்ற அந்தச் சின்ன எஃகு முனையை விரலால் தடவினேன். வளையவில்லை, தேயவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. துப்பாக்கி நிலையத்தில் கிடந்த மாதங்களில் அவருக்குள் எது மங்கியது?

“ஒருவாட்டி கண்ணக் காட்டிட்டு வந்துடலாமா மாமா?”

“இரும்புல கோளாறுன்றேன், கண்ணக் காட்டுன்ற. நீ கவிதையோட நிறுத்திக்க.”

கள்ளக்குறிச்சியில் ஒரு நகைக்கடையில் அவருக்குக் காவல் வேலை சொல்லியிருந்தார்கள். சொந்தத் துப்பாக்கி வேண்டும். கண் மருத்துவரின் சான்று வேண்டும். அக்காவின் ஜெபத்தில் அந்த வேலை தினமும் இருந்தது.

உரிமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சேலம் போனோம். துப்பாக்கிக் கடைக்காரர் மாமாவினுடையதற்குப் பக்கத்தில் அதே வகையின் புதிய மாதிரியை வைத்தார். இரண்டும் முழு எஃகு. ஒன்றை வலக்கையிலும் மற்றதை இடக்கையிலும் ஏந்தி, காய் வாங்குபவர்போல மாமா எடை பார்த்தார்.

“எடையில ஜாஸ்தி கம்மி இல்ல. இதுல பிடி கொஞ்சம் நீளம்.”

“முனையில வெள்ளைப் புள்ளி இருக்குது பாருங்க. இந்த மாதிரி முனைய உங்களுதுக்கே மாத்திக் கொடுத்துடலாம்.”

மாமா புதியதைச் சுவரை நோக்கி உயர்த்தினார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“தெரியுதுடா மச்சான்! நான்தான் சொன்னேனே!”

அப்போதுதான் பார்த்தேன். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. எப்போதும் குறிபார்க்கும் வலக்கண் மூடியிருந்தது. இடக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரரும் பார்த்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைக்காரர் மாமாவின் துப்பாக்கி முனையில் பித்தளைக் குச்சியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். பழைய முனை நழுவி மேசையில் விழுந்தது. புள்ளி வைத்த முனையைப் பொருத்திவிட்டு, பழையதைக் காகிதத்தில் மடித்து, மாமாவிடம் தராமல், என்னிடம் தந்தார்.

“இதுல ஒண்ணும் கோளாறு இல்லைங்க” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

திரும்பும் பேருந்தில் மாமா வழி நெடுக அந்தப் புள்ளியைப் புகழ்ந்தார். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? சின்னசேலம் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்தார்.

“மச்சான்... அந்தக் கண் டாக்டரு, ஒவ்வொரு கண்ணா மூடிக்கினு படிக்கச் சொல்லுவாரா?”

“தெரியல மாமா” என்றேன். தெரியும்.

அவர் இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கல்வராயன் மலை, வெயிலில், என் கண்ணுக்கு ஒரு மடிப்புகூட மறையாமல் நின்றது. கையை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.