துப்பாத பெட்டி

எங்கள் சித்தப்பா தம்பிஐயா, நாங்கள் கூப்பிடுகிற பெயரில் குஞ்சியப்பு, கப்பலில் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று பருத்தித்துறையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சந்தையில் கேட்டால் இரண்டாம் கப்பித்தான். வாசிகசாலையில் கேட்டால் இஞ்சின் அறைக்குப் பொறுப்பு. அவருக்குப் பெண் பேசிப் போனபோது கப்பலில் பாதி அவருடையது என்கிற அளவுக்குக் கதை வளர்ந்திருந்ததாம். அவர் எதையும் மறுத்ததில்லை, ஒத்துக்கொண்டதுமில்லை. தொண்டையைச் செருமிவிட்டு "கடல் எண்டால் லேசே" என்பார். கேட்டவன் அதோடு வந்த வழியே போய்விடுவான்.

உண்மை என்னவென்றால் அவர் கோப்பை கழுவினார், சோறு தின்கிற தட்டுக் கோப்பை. இருபது வருசத்துக்கு மேலே, கப்பலின் அடிவயிற்றில் நின்று, நொறுவேய் நாட்டு வெள்ளைக்காரர் தின்று மிச்சம் விட்ட கோப்பைகளைக் கழுவினார். கடைசிக் காலத்தில் அதிகாரிமாரின் சின்னக் குசினிக்குக் கோப்பை கழுவுகிற மிசின் ஒன்று வந்தது. இவர் அதற்குத் தீனி போட்டு, கழுவி முடிந்ததை எடுத்து அடுக்கினார். எழுபத்தெட்டில் அந்தக் கப்பலை உடைக்க விற்றபோது மற்றவர்கள் றேடியோ, மணிக்கூடு, கம்பளம் என்று வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். இவர் அந்தப் பழைய மிசினைக் கேட்டு வாங்கினார்.

லொறியிலிருந்து அது இறங்கியபோது எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, அதை ஐஸ்பெட்டி என்றுதான் நினைத்தது. சர்பத் கிடைக்கும் என்று இரண்டு நாளாகச் சின்னப் பிள்ளைகள் படலையடியைச் சுற்றிக்கொண்டு நின்றன. அதில் மீசை முளைக்கத் தொடங்கின சின்னப் பிள்ளை நான் ஒருவன்தான்.

ஏன் வாங்கினார் என்பதற்குப் பதில் குஞ்சியாச்சியின் கையில் இருந்தது. அவருடைய பெண்சாதி, சிவக்கொழுந்து என்று பெயர். அவவுக்குச் சட்டி மினுக்குகிற சாம்பலும் பழப்புளியும் ஒத்துக்கொள்ளாது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நுனிகள் தோலுரிந்து கிடக்கும். கறியில் சோறு குழைக்கும்போது தூள் பட்டு முகம் ஒரு பக்கமாய் இழுபடும். ஆஸ்பத்திரி டாக்குத்தர் களிம்பு கொடுத்துவிட்டு, கையைத் தண்ணியில் வைக்கக்கூடாது என்றாராம். தண்ணியில் வைக்காத கையை வைத்துக்கொண்டு குசினியில் என்ன செய்வது, கும்பிடுவதோ என்று அவவே திருப்பிக் கேட்டுவிட்டு வந்தவ.

குஞ்சியப்பு ஒருநாள் சட்டியைத் தான் கழுவுகிறேன் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். கப்பித்தான் என்று பெயரெடுத்த மனிசன் கிணற்றடியில் குந்தியிருந்து சட்டி மினுக்குவதை ஊர் பார்த்தால் தன்னால் கோயிலுக்குப் போக ஏலாது என்று அவ குசினிக் கதவைச் சாத்திவிட்டா. அதற்குப் பிறகுதான் மிசின்.

அது நன்றாகத்தான் ஓடியது. தொட்டித் தண்ணி உள்ளே இறங்கும். உள்ளே ஒரு சன்னதம் நடக்கும். பிறகு வயிற்றிலிருக்கிற ஊத்தைத் தண்ணியை றபர் குழாய் வழியாக வேலியோரத்துக் கழிவுக் கானுக்குள் துப்பும். கதவைத் திறந்தால் கோப்பைகள் மினுக்கின பித்தளை மூக்குப்பேணி மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும். தையில் வந்த பெட்டி, பங்குனிக்குள் குஞ்சியாச்சியின் விரல்களில் புதுத்தோல் வந்துவிட்டது. குஞ்சியப்பு அந்த விரல்களைத் தானே செய்து முடித்தது மாதிரி, வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டச் சொல்லுவார். அவ காட்டமாட்டா.

வெயில் ஏறி, ஊர்க் கிணறுகள் உப்பேறிச் சவர்க்கத் தொடங்கின காலத்தில் பெட்டிக்கும் என்னவோ பிடித்தது. தண்ணியைத் துப்புகிற சத்தம் கேட்கும். திறந்து பார்த்தால் அடியில் இரண்டு செம்பு ஊத்தைத் தண்ணி நிற்கும். குஞ்சியாச்சி அதைச் சிரட்டையால் அள்ளி ஊற்றிச் சமாளித்தா, ஆடி முதல் வெள்ளி வரும்வரைக்கும்.

அன்று வீட்டில் சைவம். மரக்கறிச் சமையலுக்கு வேறு சட்டி, வேறு கோப்பை. அந்தக் கோப்பைகளும் முதல்நாள் இரவே பெட்டிக்குள் போய் வந்தவைதான். குஞ்சியாச்சி சோறு போட்டு, பருப்பு விட்டு, நெய்யும் விட்ட பிறகு பார்த்தால் கோப்பை விளிம்பில் ஒரு மீன்செதில். வியாழக்கிழமைப் பாரை மீனின் செதில், வெள்ளிக்கிழமைப் பருப்புக்குப் பக்கத்தில் வெள்ளிக்காசு மாதிரி.

அவ சோற்றைக் காகத்துக்கு வைத்தா. திரும்பத் தலை முழுகினா. சாம்பல் பேணியைப் பரணிலிருந்து இறக்கிக் கிணற்றடியில் வைத்தா. பிறகு குஞ்சியப்புவைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"மீன் மச்சத் தண்ணியை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு நிக்கிற சாமானிலை நான் விரதத்துக்குச் சாப்பிடமாட்டன். வாற வெள்ளிக்கு முன்னம் உது முழுக்கத் துப்போணும். இல்லாட்டி அடைகோழிக்கு நல்ல பெட்டி."

குஞ்சியப்புவுக்கு அடைகோழி பற்றிக் கவலையில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சாம்பல் பேணியை. அடுத்த நாளே குஞ்சியாச்சியின் சுட்டுவிரல் நுனி வெடித்திருந்தது.

வேலை தொடங்கியது. முதலில் பெட்டியின் அடியில் இருக்கிற சல்லடையைக் கழற்றினார். எங்கள் ஊரில் முருங்கைக்காய் தின்கிறவர்கள் சக்கையைக் கோப்பை ஓரத்தில் குவித்து வைப்பார்கள். வெள்ளைக்காரன் அதை எதிர்பார்த்து மிசின் செய்யவில்லை. சல்லடையில் முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ப்பூ, கறிவேப்பிலைக் காம்பு, பாதி நெத்தலித் தலை என்று ஒரு முழுக் கலியாண வீடு கிடந்தது. எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, கை தட்டிக்கொண்டு எழும்பி, முடிந்தது என்றார். ஓட விட்டோம். இரண்டு செம்பு தண்ணி நின்றது.

அடுத்து ஈர்க்கால் குழாயைக் குத்தினார். சைக்கிள் பம்மை மாட்டி என்னை அடிக்கச் சொன்னார். நான் அடித்த அடியில் அவருடைய முகத்திலேயே ஊத்தை பறந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது. இரவு கடிதத்தாள் மாதிரி மடிந்து மிசினோடு வந்த படத்தை விரித்துவைத்துக்கொண்டு, அதிலிருந்த நொறுவேய்க்காரப் பாசையை உரத்து வாசித்தார். தண்ணிக்கும் பாசை விளங்கவில்லை. இரண்டு செம்பு அப்படியே நின்றது.

ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லோரும் படலைக்குள் தலையை நீட்டி, கப்பித்தான் கப்பல் தண்ணிக்குள் தாண்டுபோச்சோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கேள்வியை முதலில் தொடக்கினது யார் என்பது இங்கே முக்கியமில்லை.

செவ்வாய்க்கிழமை கடற்கரை முனைப் பக்கத்திலிருந்து கனிசியஸ் வந்தார். வள்ளத்து மிசின்கள் திருத்துகிற ஆள். எந்த மிசினையும் முதலில் காதை வைத்துக் கேட்பார், பிறகுதான் தொடுவார். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, நாடி பிடிக்கிற பரியாரி மாதிரி கேட்டார். குழாயைப் பெட்டியடியில் கழற்றிவிட்டு, வாளிக்குள் துப்ப வைத்தார். பெட்டி கடைசிச் சொட்டுவரை துப்பியது. குழாயைத் திரும்ப மாட்டினார். பெட்டி துப்பியது, நின்றது, பிறகு குழாய்க்குள் கொடகொடவென்று ஒரு சத்தம். இரண்டு செம்பு திரும்பி வந்தது.

"அண்ணை, உது பழுதில்லை. உங்கடை கப்பல் துப்பினதைத் திரும்பக் குடிக்குது" என்றார் கனிசியஸ்.

சொல்லிவிட்டுக் குழாயைக் கையால் தடவிக்கொண்டு போனார். நாங்கள் பின்னால் போனோம். குழாய் விறகு அடுக்குக்குப் பின்னால் நுழைந்தது. அங்கே கானைப் பார்க்கத் திரும்பவேண்டிய குழாய் திரும்பவில்லை. சீலைத் துண்டு சுற்றி இறுக்கின ஒரு பொருத்து இருந்தது. அதிலிருந்து, தோட்டத்துக்குத் தண்ணி விடுகிற பச்சைக் குழாய் தொடங்கியது. அது மதிலில் ஏறி, மதிலுக்கு அந்தப் பக்கம் மண் போட்டு உயர்த்தின மேட்டில், குஞ்சியாச்சியின் கதலி வாழைகளுக்கு நடுவே போய்ச் சுகமாகப் படுத்திருந்தது. வாழையில் ஒன்று குலை தள்ளி நின்றது.

பெட்டி பள்ளத்தில், வாழை மேட்டில். மிசின் தள்ளும்வரை தண்ணி ஏறும். மிசின் நின்றவுடன் குழாயில் மிஞ்சினது முழுக்க இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். எனக்கே விளங்கியது, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

எல்லோரும் குஞ்சியாச்சியைப் பார்த்தோம். அவ முந்தானையால் கையைத் துடைத்தா, கை ஈரமாக இல்லாவிட்டாலும்.

"கிணறெல்லாம் சவர் ஏறின காலத்திலை இந்தத் தண்ணியையும் கானுக்குள்ளை விட்டிட்டு வாழையைச் சாக விடுறதே? குழாயை நீட்டிவிட்டன். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை" என்றா.

இந்த இடத்தில் குஞ்சியப்பு வென்றுவிட்டார். சல்லடை, ஈர்க்கு, சைக்கிள் பம், நொறுவேய்ப் பாசை, ஊர் நக்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் ஒரு வருசத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். கனிசியஸும் பச்சைக் குழாயைக் கழற்றக் குனிந்துவிட்டார். குஞ்சியப்பு அவருடைய தோளில் கையை வைத்தார். வாழையைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், கடைசியில் குஞ்சியாச்சியின் விரலைப் பார்த்தார்.

"குழாய் கிடக்கட்டும். பெட்டியை உயர்த்துவம்" என்றார்.

அந்த இரண்டு வசனத்துக்கு ஒன்றரை நாள் வேலை. கடற்கரைப் பக்கம் இடிந்து கிடந்த பழைய வீட்டிலிருந்து முருகைக்கல் ஏற்றி வந்து, குசினி மூலையில் இடுப்பளவுக்கு மேடை கட்டினார்கள். மதிலில் அலவாங்கால் ஓட்டை போட்டு, குழாயை நேரே வாழைக்கு விட்டார்கள். நாலுபேர் பெட்டியைத் தூக்கி மேடையில் ஏற்றினோம். ஏற்றி முடிந்த பிறகு பார்த்தால் பிள்ளையாரை வைத்த மாதிரி இருந்தது. வியாழன் விடிய அதன் தலையில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது. யார் வைத்ததென்று எனக்குத் தெரியாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். குஞ்சியாச்சி பூவை எடுத்து எறியவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி வைத்தா.

வியாழன் மத்தியானம் வேண்டுமென்றே மீன் காய்ச்சினா. கோப்பை, சட்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஓட விட்டா. முடிந்த பிறகு ரோச் லைற்றை வாங்கி வயிற்றுக்குள் அடித்துப் பார்த்தா. கையை விட்டு மூலையெல்லாம் தடவினா. விரலை மூக்கடியில் வைத்தா. குஞ்சியப்பு பள்ளிக்கூடச் சோதனை மறுமொழிக்கு நிற்கிற பெடியன் மாதிரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ பெட்டியை ஒருமுறை வெறுமனே ஓட விட்டு, திரும்பவும் மணந்து பார்த்துவிட்டு, சைவக் கோப்பைகளைக் கொண்டுவந்து அடுக்கினா.

வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் வெந்தயக் குழம்பும். குஞ்சியாச்சி கோப்பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சோறு போட்டா. குழம்பை விட்டுக் குழைத்தா. சுட்டுவிரலில் இன்னும் அந்த ஒரு வெடிப்பு இருந்தபடியால் கொஞ்சம் எரிந்திருக்கும். முகம் இழுபடவில்லை. மற்ற விரல்கள் எல்லாம் சோற்றுக்குள் தாராளமாகப் போய் வந்தன. குஞ்சியப்பு தன் கோப்பையில் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பாக்கிறியள்? கெதியாச் சாப்பிட்டு முடியுங்கோ. கோப்பையை உள்ளுக்கை அடுக்கோணும், வாழை காய்ஞ்சுபோய் நிக்குது" என்றா குஞ்சியாச்சி.