‘கடலுக்கு’ என்று எழுதிய சீட்டுகள்

கலியமூர்த்தி அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது, அவருக்காக ஒரு பதில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கோடை ஞாயிறுகளில் நெய்வேலியிலிருந்து கடலூருக்குப் பாசஞ்சர் ரயில் ஓடியதற்குப் பதிவே இல்லை என்று ரயில்வேயில் அவருடைய மனுவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பதிலின் முதல் வரியை முந்தின நாள் அவரே சொல்லியிருந்தார்: “ஓடிக்கினு இருந்த ரயில இல்லன்னா எப்பிடிங்க? அதுலேர்ந்தே ஆரம்பிங்க.”

சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் நம்மோடு வேலை பார்த்த யாரும் அந்த ரயிலை மறந்திருக்க மாட்டீர்கள். புளிச்சோற்றோடு காலையில் ஏறி, மணலை உதறிக்கொண்டே சாயங்காலம் வந்து இறங்குவோம். அகலப்பாதை போட நிறுத்தினார்கள். பாதை வந்தது, நம் ரயில் வரவில்லை. அதை மறுபடி ஓடவைக்காமல் விடுவதில்லை என்றுதான், ஓய்வு பெற்றதும் அண்ணன் அதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தார்.

அவரோ அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஞாயிறு ஷிப்டு விழுந்தவர்கள் அவரிடம்தான் மாற்றிக்கொள்வோம். காரணம் எழுதாத சீட்டை வாங்கவே மாட்டார், அவ்வளவு கறார். ‘கடலுக்கு’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுவோம். பின்னால் தகராறு வரக்கூடாதென்று எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். ரயில் ஓடிய ஞாயிறுகளுக்கு இன்று அதுதான் சாட்சி.

சென்ற மாதம் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கியபோது, அவர் கையெழுத்திலேயே ஒரு சீட்டு வந்தது. ரயில் ஓடிய கடைசிக் கோடையில், மனைவியையும் மகளையும் கூட்டிப்போக, தன் ஞாயிறு ஷிப்டை என்னைப் பார்க்கச் சொல்லி எழுதியது. சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று முந்தின நாள் சீட்டைத் திருப்பிக் கொடுத்து நான் கைவிரித்துவிட்டேன். “பரவால்லங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று அன்று சொன்னார். அடுத்த வருஷம் ரயில் இல்லை. இத்தனை காலம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டேன்.

“வேணாங்க. நான் போவலியே. போனவங்க சீட்டு மட்டும் போதும்” என்றார்.

அவர் சொன்னபடியே மற்ற சீட்டுகளின் நகல்களை அனுப்பிவிட்டேன். மறுபடியும் பதிவு இல்லை என்றால் மறுபடியும் எழுதுவேன். அந்த ரயிலில் போனவர்கள் வந்து மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

அனுப்பாத அந்த ஒரு சீட்டு என்னிடம் இருக்கிறது. ரயில் வரும் முதல் ஞாயிறு, அண்ணியையும் அவர் மகளையும் ஏற்றிவிட்டு நான் நெய்வேலியிலேயே நின்றுகொள்வேன். அந்த ஷிப்டு என்னுடையது.