மருந்துப் பட்டியலில் பூண்டு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். அமெரிக்காவில், ஐசலின் ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தபின் என் கணவருக்கு மாரடைப்பு வந்தது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். அது போதாதோ என்று நான் தினமும் பூண்டும் இஞ்சியும் மஞ்சளும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்தேன்.

சில வாரங்களில் அவருக்குப் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் இரத்தம் கசிந்தது. கையெல்லாம் நீலத் திட்டு. டாக்டரிடம் கூட்டிப்போனோம். தமிழ்ப் பெண்தான்.

"வேற ஏதாவது மருந்து எடுக்குறாரா ஆன்ட்டி?"

"இல்லம்மா" என்றேன். படித்தவளிடம் போய்ப் பூண்டைப் பற்றியா பேசுவது?

"அப்போ மாத்திரையே ஒத்துக்கலையோ என்னவோ. சேஞ்ச் பண்ணிப் பார்க்கலாம்."

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் கஷாயத்தையும் சொல்லேன்டி. இன்சூரன்ஸ்ல வருமான்னு கேப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் திட்டவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழாதீங்க ஆன்ட்டி. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல டாக்டருக்குக் குடுக்கக் காசில்லாத ஜனங்களுக்குன்னே வைத்தியப் புக்கு போட்டாங்க. அதுலயும் பூண்டு, தேன்னு கிச்சன் சாமான்தான். நீங்க குடுத்ததும் மருந்துதான். அதுவும் இரத்தத்தை உறைய விடாது, அதனாலதான் இந்த மாத்திரையோட சேரக் கூடாது. எத்தனை பல்லு போடுவீங்க?"

"ஆறு."

மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே அதையும் டைப் பண்ணினாள்.

கஷாயத்தை நிறுத்தினேன். இரத்தக் கசிவும் நின்றது. என் கைவைத்தியத்தை நானே துச்சமாக நினைத்து வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். இப்போதும் பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பயப்படுகிறேன்.