டாக்டரம்மாவின் வலது கை

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் சொல்வோம். ஆனால் அவர் மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் இல்லை. மூளையில் எழும் மின்துடிப்புகளைப் படித்து, அவற்றைக் கொண்டு எந்திரக் கையை அசைக்கிற ஆராய்ச்சி அவருடையது. இது புரியாமல் அவருடைய சித்தப்பா மாதம் தவறாமல் போன் போட்டு முழங்கால் வலிக்கு மருந்து கேட்பார். "நல்ல டாக்டரப் பாருங்க சித்தப்பா" என்பார் இவர். "அப்ப நீ யாரு?" என்று வரும் பதில்.

நான் அங்கே வயர் பற்றவைக்கிறவன். பதினோரு வருடமாக எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. ஒருமுறை விளக்கு மாட்டித் தரப் போயிருந்தேன். இரண்டு நாற்காலிகள், ஒன்றின் மேல் தாள் கட்டுகள். நான் உட்கார அந்தக் கட்டுகளைத் தூக்கியவர், எங்கே வைப்பதென்று தெரியாமல், நான் கிளம்பும்வரை அவற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து எத்தனை வருடமோ! ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்வார். "சாப்பிட்டியாக்கா? உடம்பு நல்லாருக்கா? சரி, வச்சிடறேன்." அவ்வளவுதான்.

பேச்சையெல்லாம் அவர் பெயின்டருக்காகச் சேர்த்துவைத்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

பெயின்டர் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். ஆறு வருடமாகக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. அவர் மூளையில், கையை ஆட்டுவிக்கிற இடத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு சில்லு பதித்திருந்தார்கள். கையை நீட்டுவதாக அவர் நினைத்தால், அந்தத் துடிப்பு வயர் வழியே கணினிக்குப் போகும். கணினி மேசைமேல் இருக்கும் எந்திரக் கையை நீட்டும். சொல்வது சுலபம். நேற்றைய துடிப்பு இன்று கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் தினமும் காலையில் அரைமணி நேரம் கணினிக்குப் பாடம் நடத்த வேண்டும். டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து, "நீட்டுங்க... பிடிங்க... தூக்குங்க" என்பார். பெயின்டர் நினைப்பார். கணினி கற்றுக்கொள்ளும்.

நடுநடுவே பேச்சு.

"உங்க வீட்டுச் சுவர் என்ன கலரும்மா?"

"வெள்ளை."

"வெள்ளையில எத்தனை இருக்கு! பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா, முட்டை ஓட்டு வெள்ளையா?"

டாக்டரம்மா திருதிருவென விழித்தார். மறுநாள் பையைக் கீழே வைப்பதற்குள், "முட்டை ஓடுதான். ஜன்னல் பக்கம் மட்டும் பழுப்பு" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தது.

பெயின்டருக்கு ஆசை ஒன்றே ஒன்று. "யாருமே இல்லாத அறையில உக்காந்து ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்மா. என் வீட்டுக்காரி தங்கம்தான். ஆனா ஆறு வருஷமா நான் முழுங்குறத யாராவது பாத்துக்கிட்டே இருக்காங்க."

ஆராய்ச்சிக்கு அனுமதி அந்த வருடக் கடைசி வரைதான். நூற்றுக்கு எண்பது முறையாவது டம்ளர் ஒழுங்காக வாய்க்கு வந்தால் எந்திரக் கையை அவர் வீட்டுக்கே கொண்டுபோகலாம். இல்லையென்றால் சில்லை எடுத்துவிடுவார்கள். எங்களுக்குத் தொண்ணூறு வந்துகொண்டிருந்தது. கவலையே இல்லை.

ஆறு வாரம் மிச்சமிருக்கும்போது டாக்டரம்மா காய்ச்சலில் படுத்தார். நாலு நாள் நான் கணினியைப் பார்த்துக்கொண்டேன். முப்பத்தெட்டு. டம்ளர் பாதி வழியில் நின்று தள்ளாடியது. ஆளாளுக்கு என் பற்றவைப்பைச் சந்தேகப்பட்டார்கள். வந்த கோபத்தில் எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டினேன். ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். தொண்ணூற்றொன்று.

"மேடத்துக்குக் கைராசி" என்று பல்லைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "என் கையப் பாருங்கண்ணா" என்றார்.

பார்த்தேன். "நீட்டுங்க" என்று சொல்லும்போதே மடியில் இருந்த அவருடைய வலது கை லேசாக எழும்புகிறது. "பிடிங்க" என்றால் விரல்கள் மடங்குகின்றன. அதற்கு அரை நொடி கழித்துத்தான் எந்திரக் கை மடங்குகிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்களின் வாயும் சேர்ந்து திறக்குமே, அதுபோல. அவருக்கே தெரியாமல் பதினோரு மாதமாக நடந்திருக்கிறது. இன்னொருவர் கை அசைவதைப் பார்த்தாலே மூளையில் அந்த இடம் துடிக்குமாம். பெயின்டர் அவர் கையைப் பார்த்திருக்கிறார். கணினி அந்தத் துடிப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்தான், ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன், அந்த அளவுக்கு எனக்கு நல்ல மனசு. அவரும் இன்னும் பல காலம் பெயின்டருக்கு எதிரே உட்கார்ந்து சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். மறுநாள் காலை முதல் வேலையாக அவர் போய்ச் சொல்லிவிட்டார்.

"பெயின்டர் சார், இத்தனை நாளா அந்த டம்ளர்ல பாதி நான் எடுத்ததுதான்."

பெயின்டர் மேசைமேல் இருந்த எந்திரக் கையைப் பார்த்தார். "அப்ப நீங்க இல்லாத அறையில?"

"வராது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நான் உள்ள வரக் கூடாது. என் குரலும் கேக்கக் கூடாது. மணி அடிக்கும், நீங்களா நினைக்கணும்."

"நம்ம பேச்சு?"

"அது... முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து டாக்டரம்மா வெளியே, நடைவழியில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்னால் கணினி, அதில் எண்கள் மட்டும். முப்பத்தொன்று. முப்பத்தைந்து. இருபத்தொன்பது. கதவு மூடியே இருக்கும். மாலையில் பெயின்டரை வண்டியில் ஏற்றும்போது இருவரும் தலையசைத்துக்கொள்வதோடு சரி. நடுவில் நான்தான் தபால்காரன். "ஜன்னல் பக்கம் பழுப்புன்னாங்களே, அது ஓதம். சுரண்டிட்டு அடிக்கச் சொல்லுங்க" என்பார் பெயின்டர். சொன்னால் டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு எண்களையே பார்ப்பார். மதியச் சாப்பாட்டையும் அந்த ஸ்டூலிலேயே முடித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது. இவ்வளவு நேர்மை யாருக்கு வேண்டும்?

நாலாவது வாரம் திடீரென்று அறுபத்தேழு. ஓடிப்போய்க் கேட்டேன். "டம்ளர நினைக்கறத விட்டுட்டேன்" என்றார் பெயின்டர். "பெயின்ட் டப்பாவுலேருந்து பிரஷ்ஷ எடுத்து, வழிச்சு, தூக்குறேன். முப்பது வருஷம் எடுத்த கை. இது எனக்கு மறக்குமா?" வெளியே வந்து சொன்னேன். டாக்டரம்மா எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார்.

கடைசி வாரம் எண்பத்துநாலு வந்தது. அப்புறம் பெயின்டர் கேட்டபடி ஒரு தடவை: பாடம் இல்லை, மணி இல்லை, அறையில் ஒருவரும் இல்லை. கேமரா டம்ளரை மட்டும் பார்த்தது, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் டாக்டரம்மாவும் மூடிய கதவுக்கு வெளியே நின்றோம்.

உள்ளே மோட்டார் முனகியது. நான் பக்கத்தில் திரும்பினேன். டாக்டரம்மாவின் வலது கை மெல்ல எழும்பியது. விரல்கள் மடங்கின. கை வாய்வரை போயிற்று. அவருக்கு அது தெரியவே இல்லை. உள்ளே டம்ளர் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது, சிந்தாத, நிதானமான சத்தம். அவர் கை இன்னும் உதட்டருகிலேயே இருந்தது.

கதவைத் திறக்கப் போனார்.

"டாக்டரம்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "குடிச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்களேன். இப்படியே உக்காந்திருக்கேன்."

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க சார்" என்றார். கைப்பிடியை விட்டார்.

ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "தனியா இருக்கறதுக்கா அண்ணா ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடறாரு?" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.